வடிகட்டின வியாபாரம்!

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி. காரைக்கால் வீட்டுத் திண்ணையில் சட்டையில்லாமல், பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். (சட்டை இல்லாததற்குக் காரணம் வறுமை அல்ல, வெயில்.) வாசலில் ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் வந்து இருமிக்கொண்டே நின்றது. அத்தான்!

அக்கா வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, அக்காவோடு சண்டை. இரண்டு, புது பிசினஸ் ஐடியா. முதலாவது என்றால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். இரண்டாவது என்றால் சரியாக ஆறு மாதம் ஆகும். அன்றைக்குக் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"மாப்ளே, நீ பி.காம். படிச்சவன். இந்தக் கணக்கைப் பாரு" என்று நோட்டை மடியில் போட்டார்.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இரண்டாம் பக்கத்தில் 'தண்ணீர் பிளான்ட்'.

விஷயம் இதுதான். அத்தான் மில்லில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். கணக்கு முடித்து ஆறு லட்சம் கைக்கு வந்திருந்தது. அக்காவின் நகையை அடகு வைத்தால் இன்னும் மூன்று லட்சம். மொத்தம் ஒன்பது. அதில் ஒரு ஆர்.ஓ. பிளான்ட் போட்டு, இருபது லிட்டர் கேன் தண்ணீர் விற்பது. ஒரு நாளைக்கு 300 கேன். கேனுக்குப் பத்து ரூபாய். மாதம் 90,000 வரவு. கரண்டு 18,000, பையன்கள் இரண்டு பேருக்குச் சம்பளம் 24,000, வண்டி டீசல் 15,000. போக மிச்சம் 33,000.

"தண்ணி பூமிக்கடியிலேர்ந்து சும்மா வருது மாப்ளே. நாம வடிகட்டி விக்கிறோம். அவ்வளவுதான்!"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எம் பொண்ணு நகையும் பூமிக்கடியிலேர்ந்து சும்மா வந்ததாடா தம்பி, கேளு."

அத்தான் அசரவில்லை. நான் வைத்திருந்த பேப்பரையே பிடுங்கி ஒரு செய்தியைக் காட்டினார். சென்னையில் ஒரு கம்பெனி. தண்ணீர் வடிகட்டும் நிலையம் கட்டிக் கொடுப்பதுதான் தொழில். இந்தியாவிலிருந்த கிளைக் கம்பெனி, வெளிநாட்டிலிருந்த தன் தாய்க் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டதாம்.

"வடிகட்டி வடிகட்டியே மகள் தாயை வாங்கியிருக்கா. நாம ஒரு பிளான்ட் போட முடியாதா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு வாரம் டயம் கேட்டேன். கம்பெனி பங்குச் சந்தையில் இருப்பதால் அதன் கணக்கு வழக்கெல்லாம் ஊருக்கே பொது. உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, டெலிவிஷன் தொடர் தோற்றது போங்கள்!

*மாமியார் மாறிய மருமகள்*

கம்பெனியின் பெயர் வி.ஏ.டெக் வாபாக். பூர்வீகம் 1924, பிரெஸ்லாவ் நகரம். அன்றைக்கு அது ஜெர்மனி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அதே ஊர் போலந்தில் இருக்கிறது, பெயரும் விராட்ஸ்வாஃப் என்று மாறிவிட்டது. ஊர் நகராமலே நாடு மாறுவது காரைக்கால்காரர்களுக்குப் புதிதா என்ன? 1954 நவம்பர் 1-ந் தேதிக்கு முந்தின நாள் வரை எங்கள் தாத்தா பிரெஞ்சு ஆட்சியில்தான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

1990-களின் நடுவில் இந்த ஜெர்மன் கம்பெனிக்குச் சென்னையில் ஒரு கிளைக் கம்பெனி பிறந்தது. 1999-ல் தாய்க் கம்பெனியை ஆஸ்திரியாவின் வி.ஏ.டெக் குழுமம் வாங்கியது. மாமியார் மாறினார். 2005-ல் அந்த வி.ஏ.டெக்கையே சீமென்ஸ் வாங்கியது. மாமியாருக்கே ஒரு மாமியார்!

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. 'யார் வீட்டுக்குப் போவோமோ' என்று காத்துக் கிடக்காமல், ராஜீவ் மிட்டல் தலைமையில் இந்திய நிர்வாகிகள் அதே 2005-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் துணையோடு இந்தியக் கம்பெனியைத் தாங்களே வாங்கினார்கள். சம்பளம் வாங்கினவர்கள் முதலாளி ஆனார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2007-ல், வியன்னாவிலிருந்த பழைய தாய்க் கம்பெனியையும் சீமென்ஸிடமிருந்து வாங்கிவிட்டார்கள். 2010-ல் பங்கு வெளியீடு. ஒரு பங்கு 1,310 ரூபாய்.

இதற்கு முன்னும் இப்படி ஒரு மகள் உண்டு. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அயான் எக்ஸ்சேஞ்ச் கம்பெனி 1964-ல் இங்கிலாந்தின் பெர்முட்டிட் கம்பெனிக்குப் பிறந்தது. 1985-ல் பெர்முட்டிட் தன் பங்கை விற்றுவிட்டு விலக, முழு இந்தியக் கம்பெனி ஆனது. அதன் பெயரிலேயே தொழில் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைச் சின்னச் சின்ன பிசின் மணிகள் பிடித்துக்கொண்டு, பதிலுக்குத் தம்மிடம் இருப்பதை விட்டுவிடும். அதாவது பண்டமாற்று! 1935-ல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் நொறுங்கிய கிராமபோன் தட்டுகளுக்கு இந்தக் குணம் இருப்பதைக் கவனித்ததுதான் இன்றைய செயற்கைப் பிசினுக்கு ஆரம்பம் என்பார்கள். யார் பாடின தட்டோ, புண்ணியவான்!

*யாருக்கு வேண்டும் இவ்வளவு சுத்தம்?*

நமக்கெல்லாம் வடிகட்டி என்றால் காப்பி ஃபில்டர். மிஞ்சினால் குழாய் வாயில் கட்டின பழைய வேட்டித் துணி. எங்கள் பாட்டி கலங்கல் தண்ணீருக்குப் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவாள். மண்டி அடியில் உட்கார்ந்துவிடும். நகரத்துக்கு என்று பார்த்தால், மணல் படுகை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914-லிருந்தே அப்படி வடிகட்டி ஊருக்குக் கொடுத்தார்கள்.

ஆனால், மண்டி வேறு, உப்பு வேறு. மண்டியைத் துணி பிடிக்கும், மணல் பிடிக்கும். கரைந்த உப்பை எந்த வேட்டியும் பிடிக்காது. நாம் உப்புத் தண்ணீரைக் குடித்து முகம் சுளித்தால் போச்சு. பாய்லர் சுளிக்காது, வெடிக்கும். குழாய்க்குள் உப்பு படிந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் இரும்பே கருகிப் பிளந்துவிடும். காரைக்கால் போலகத்தில் 2000-லிருந்து ஓடும் 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் ஆகட்டும், மருந்துக் கம்பெனி ஆகட்டும், நெய்யும் சாய ஆலையும் ஆகட்டும், யந்திரம் குடிக்கிற தண்ணீர் நாம் குடிப்பதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். இந்த யந்திரங்களின் தாகம்தான் வடிகட்டித் தொழிலை வளர்த்தது.

அப்புறம் நகரங்களின் தாகம். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை இதே வாபாக், இஸ்ரேல் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து கட்டியது. 2013-ல் திறந்தார்கள். தினம் 10 கோடி லிட்டர். அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஒன்று. 2023-ல் இவர்கள் கூட்டணிக்குக் கிடைத்த அந்த ஆர்டர் சுமார் 4,400 கோடி ரூபாய். அத்தான் பேப்பரில் விரலை வைத்து அழுத்தியது இந்த எண்ணில்தான்.

கோயம்பேட்டில் இன்னும் வேடிக்கை. சாக்கடைத் தண்ணீரைப் பல கட்டமாக வடிகட்டி, தினம் நாலரைக் கோடி லிட்டர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். 2019-லிருந்து. 'சீ' என்கிறீர்களா? ஆப்பிரிக்காவில், நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் 1968-லிருந்து இப்படிச் சுத்திகரித்த தண்ணீரைக் குடிக்கவே செய்கிறார்கள். 2002-ல் அங்கே வந்த புது நிலையத்தில் வாபாக்குக்கும் பங்கு உண்டு.

*அத்தான் நோட்டில் இல்லாத மூன்று*

அடுத்த ஞாயிறு அத்தான் வந்தார். இந்த முறை அக்காவும் கூட. அக்கா கழுத்தில் சங்கிலி இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இருந்தது.

"மூணு விஷயம் அத்தான்" என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணு, இந்தக் கம்பெனி தண்ணியே விக்கலே. பிளான்ட் கட்டிக் குடுக்குது. பல இடத்துலே கட்டின பிளான்ட்டைப் பல வருஷத்துக்கு ஓட்டியும் குடுக்குது. கட்டுறதுலே ஒரு தடவை காசு. ஓட்டுறதுலே மாசா மாசம் காசு. தாயை ஏன் வாங்கினாங்க? பாசத்துலயா? டெண்டர்லே 'இதுக்கு முன்னாடி எங்கே கட்டினே?'ன்னுதான் முதல் கேள்வி. தாய் வீட்டுக்கு எண்பது வருஷ அனுபவம். அந்த அனுபவத்தைத்தான் வாங்கினாங்க. நமக்கு என்ன அனுபவம்?"

"எனக்கு மில்லுலே பம்ப் ஹவுஸ்லே பன்னிரண்டு வருஷம்..." என்று அத்தான் மெதுவாகச் சொன்னார். அப்போது நான் அதைக் காதில் வாங்கவில்லை. (அந்தத் தப்புக்குப் பின்னால் வருகிறேன்.)

"ரெண்டு, லாபம். 2023-24-லே அவங்க வருமானம் சுமார் 2,850 கோடி. நிகர லாபம் சுமார் 245 கோடி. நூறு ரூபாய் வந்தா எட்டரை, ஒன்பது ரூபாய் நிக்குது. உங்க நோட்டுலே நூறுக்கு முப்பத்தேழு நிக்குது! ஒண்ணு அவங்க முட்டாளா இருக்கணும், இல்லே நம்ம நோட்டு எதையோ மறந்திருக்கணும். மெம்பரேன் மாத்துற செலவு எங்கே? உடையிற கேன் எங்கே? லேப் டெஸ்ட், லைசென்ஸ் எங்கே? 2024 நவம்பர்லே உணவுப் பாதுகாப்பு ஆணையம் கேன் தண்ணியை 'அதிக ஆபத்துள்ள உணவு'ப் பட்டியல்லே சேர்த்திருக்கு. தணிக்கைக்கு ஆள் வருவாங்க. கடைக்காரன் கடன் சொல்வான். இந்தத் தொழில்லே பெரிய கம்பெனிக்கே வேலை முடிஞ்சு பில் பாஸாகிப் பிடித்தம் திரும்பி வர்றதுக்குள்ளே தலை நரைச்சிடும். அதுக்குள்ளே வட்டி ஓடும். கணக்குலே லாபம் இருக்கும், கல்லாவுலே இருக்காது."

அத்தான் நோட்டை மூடி வைத்தார். அக்கா ஒன்றும் பேசாமல் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது என்னடா?" என்றாள் அம்மா.

மூன்றாவதுதான் முக்கியம்.

காரைக்கால் அம்மையார் கதை எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிறோம். கணவன் பரமதத்தன் வியாபாரி. இரண்டு மாம்பழம் கொடுத்து அனுப்பினான். சாப்பாட்டில் ஒன்றுதான் வந்தது. 'இன்னொன்று எங்கே?' என்றான். எங்கள் ஊரில் முதன்முதலில் ஸ்டாக் சரிபார்த்த ஆடிட்டர் அவன்தான்!

வடிகட்டியிடம் நாம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மிச்சம் எங்கே? வடிகட்டி உப்பை ஒழிப்பதில்லை. இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைக்கிறது. நூறு லிட்டர் கடல் நீரை உள்ளே தள்ளினால் நல்ல தண்ணீராக வருவது நாற்பது லிட்டர் போல. அதுவும் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்கு அழுத்தம் கொடுத்தால்! மீதி அறுபதில் நூறு லிட்டர் உப்பும் இருக்கும். கடலோரம் என்றால் குழாய் போட்டுக் கடலுக்குள்ளே தள்ளிக் கரைக்கிறார்கள், அதற்கும் மீனவர்கள் கேள்வி கேட்கிறார்கள். திருப்பூர் சாய ஆலைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் மூடச் சொன்னதும் இந்த மிச்சத்தால்தான். சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்று ஆன பிறகு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்கும் செலவுதான் பெரிய செலவாகிவிட்டது.

"அத்தான், உங்க பிளான்ட் தினம் 6,000 லிட்டர் நல்ல தண்ணி குடுக்கும். போர்லேர்ந்து 12,000 இழுக்கும். மிச்சம் 6,000 லிட்டர், ரெண்டு பங்கு உப்போட. மாசத்துக்கு 1,80,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியிலே பதினஞ்சு லோடு. எங்கே விடுவீங்க?"

"கொல்லைப்பக்கம் வாய்க்கால்லே..."

"அந்த வாய்க்கா எங்கே போகுது?"

அத்தான் பதில் சொல்லவில்லை. பதில் அக்காவிடமிருந்து வந்தது. "நம்ம போருக்கேதான் திரும்பி ஊறும். அப்புறம் பக்கத்து வீட்டுக் கிணத்துக்கு. அவங்க வீட்டுலே பச்சைக் குழந்தை இருக்குங்க."

அவ்வளவுதான். பி.காம். படிக்காத அக்கா இரண்டாவது மாம்பழத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

*கடைமடைக் கணக்கு*

காரைக்கால் கடைமடை. காவிரி கர்நாடகத்தில் கிளம்பி, எத்தனையோ ஊரைக் குளிப்பாட்டி, எத்தனையோ வயலைப் பச்சையாக்கி, அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு என்று இளைத்து எங்களிடம் வருகிறது. 2007-ல் நடுவர் மன்றம் புதுச்சேரிக்கென ஒதுக்கியது ஏழு டி.எம்.சி. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதில் கை வைக்கவில்லை. எழுத்தில் ஏழு இருக்கிறது, ஆற்றில் வரும்போதுதான் தெரியும். மேலேயிருந்து நல்ல தண்ணீர் குறையக் குறைய, கீழேயிருந்து கடல் நிலத்தடியில் உள்ளே வருகிறது. கடற்கரைத் தெருக்களில் போர் போட்டால் குழம்புக்கு உப்பே வேண்டாம்.

அதனால்தான் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கேன். அதனால்தான் அத்தான் நோட்டில் 300 கேன். தண்ணீர் கெடக் கெட வடிகட்டி விற்கும். வடிகட்டி விற்க விற்க மிச்சம் சேரும். மிச்சம் சேரச் சேரத் தண்ணீர் கெடும். விற்பவருக்கு இதைவிட நல்ல சந்தை கிடையாது. குடிப்பவருக்கு இதைவிட மோசமான சந்தையும் கிடையாது.

பெரிய கம்பெனிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சாக்கடையைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் ஊருக்கு மிச்சம். அது மிச்சத்துக்கும் கணக்கு வைக்கிற வியாபாரம். தொழில் வளர்ந்ததா என்று பார்க்க வருமானத்தை மட்டும் பார்த்தால் போதாது, வெளியே விட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் கல்லூரியில் சொல்லிக் கொடுத்த பேலன்ஸ் ஷீட்டில் அந்தக் கலம் கிடையாது. கடைமடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கலம்தான் முதலில் கண்ணில் படும்.

*என் தப்பு*

பிளான்ட் வேண்டாம் என்று அத்தான் எழுந்து போனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இருபத்தைந்து வருஷம் உழைத்த மனிதர். ஐம்பத்திரண்டு வயது. 'வேண்டாம்' என்று சொல்ல என்னைப் போல் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். 'இதைச் செய்' என்று சொல்ல ஒருத்தனாவது வேண்டாமா?

ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. 'பம்ப் ஹவுஸ்லே பன்னிரண்டு வருஷம்...'

மறுநாள் விடியற்காலையே அக்கா வீட்டுக்குப் போனேன். "அத்தான், கட்டறதுலே இல்லே, ஓட்டறதுலேதான் மாசா மாசம் காசுன்னு நானே சொன்னேன். நம்ம ஊர்லேயும் திருநள்ளாறுலேயும் எத்தனை லாட்ஜ், எத்தனை ஓட்டல், எத்தனை கல்யாண மண்டபம்! சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்குலே ஜனம் வருது. எல்லா இடத்துலேயும் ஃபில்டர் இருக்கு. ஒழுங்கா பார்த்துக்கத்தான் ஆள் இல்லே."

அத்தான் கொஞ்ச நேரம் யோசித்தார். "மணல் மாத்தறது, பம்ப் சீல் மாத்தறது, மெம்பரேன் கழுவறது... தெரியும். கழிவுத் தண்ணியைத் தனியா டேங்குலே பிடிச்சு கக்கூஸுக்கும் தரை கழுவவும் விட்டா போர் தண்ணி பாதியா குறையும். மில்லுலே அப்படித்தான் பண்ணினோம்" என்றார். ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த குரல் அது.

டூல்ஸ், டி.டி.எஸ். மீட்டர், உதிரிபாகம், போர்டு எல்லாமாக நாற்பதாயிரத்தில் முடிந்தது. மீதி ஐந்து லட்சத்து அறுபதாயிரம் தபால் ஆபீசில். நகை அக்கா கழுத்தில். இன்றைக்குப் பதினோரு இடத்தில் மாதாந்திரக் காண்டிராக்ட். அதில் ஆறு இடத்தில் கழிவுத் தண்ணீருக்குத் தனி டேங்க் வைக்க வைத்துவிட்டார். மாதம் 33,000 வரவில்லை. அதில் பாதி வருகிறது. ஆனால் அது நோட்டில் இல்லை, கையில் வருகிறது.

போன வாரம் வந்திருந்தார். முகம் கொஞ்சம் வாட்டம்.

"என்ன அத்தான்?"

"ஒரு லாட்ஜ்காரர் மூணு மாசமா பில்லு பாஸ் பண்ணலே மாப்ளே."

எழுந்து நின்று கை குலுக்கினேன். "வாழ்த்துக்கள் அத்தான்! நீங்களும் பெரிய கம்பெனி ஆயிட்டீங்க!"